எண்ணெய் பார்க்க வந்தவர்கள்

தண்டையார்பேட்டை
5 பிப்ரவரி 2024

அன்புள்ள கெங்காக்கா,

நீங்கள் போனை எடுப்பதில்லை. மதியின் போனிலிருந்து கூப்பிட்டபோதும் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். நேரில் வந்தால் குப்பத்தின் நடுவில் நிறுத்திக் கேட்பீர்கள் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் தபால்.

உங்கள் கோபம் அந்த அறிவிப்பைப் பற்றி என்று எனக்குத் தெரியும். “எங்கள் விருந்தினர்களுக்குப் பரிமாறும் மீனும் நண்டும் எண்ணூர் ஆற்றில் பிடித்தவை அல்ல” என்று டிசம்பரில் எங்கள் சுற்றுலாப் பக்கத்தில் போட்டேன். பொய்தான். நாலு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வேம்பு அண்ணன் படகில் ஆட்களை ஏற்றி, அலையாத்திச் செடிகளையும் கூழைக்கடாக்களையும் காட்டி, உங்கள் வீட்டில் இலை போட்டு, அன்று காலை வலையில் ஏறிய நண்டைத்தான் கொடுத்தோம். அந்த நண்டை வைத்துத்தான் எனக்குப் பெயர் வந்தது. வட சென்னைக்கு வெள்ளிக்கிழமை தர்காவும் கோயிலும் தவிர வேறு எதற்கும் ஆள் வரமாட்டார்கள் என்று சொன்னவர்கள் வாயை உங்கள் குழம்புதான் அடைத்தது.

ஆனால் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் ஆற்றில் வந்த மறுநாள் என் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். போன் ஓயவில்லை. முந்தின வாரம் சாப்பிட்டுப் போனவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று கேட்டார்கள். ஒருவர் கேஸ் போடுவேன் என்றார். நெருக்கடி வந்தால் முதல் நாளே வாயைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊர் திறந்துவிடும் என்றுதான் எனக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். திறந்தேன். அந்த நேரத்தில் வந்த வாக்கியம் அது.

அதனால் ஒன்றும் மிஞ்சவில்லை. பொங்கல் வரைக்குமான புக்கிங் எல்லாம் ரத்து. “போதும்ட்டி, பேசாம கடையில வந்து உக்காரு” என்கிறார் அப்பா. மளிகைக் கடை கல்லாவில் என்னை உட்கார வைக்க அவருக்கு இது நல்ல சந்தர்ப்பம்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். பெங்களூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்கள் வர விரும்புகிறார்கள். சாப்பாடு வேண்டாம். ஆற்றைப் பார்த்தால் போதும், எண்ணெய் என்ன செய்திருக்கிறது என்று. வேம்பு அண்ணன் படகு எடுப்பாரா? விளக்கிச் சொல்ல மதி கூட வருவான். நான் வர வேண்டாம் என்றால் வரவில்லை.

ஜெமிமா


எண்ணூர்
14 பிப்ரவரி 2024

ஜெமிமாவுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. அதனால் எழுதவில்லை.

உன் அறிவிப்பை எனக்குக் காட்டியது பக்கத்து வீட்டு ராஜாத்தி. நாங்கள் கரையில் நின்று மூக்கில் துப்பட்டா கட்டிக்கொண்டு எண்ணெய் அள்ளிக்கொண்டிருந்தோம். ஆண்கள் படகில் போய் மக்கில் மொண்டு பக்கெட்டில் ஊற்றினார்கள். குளிக்கிற மக்கு. அதைத்தான் கொடுத்திருந்தார்கள். ராஜாத்தி போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, “உன் தோஸ்து இன்னா போட்டுகீது பாருடி” என்றாள். சுற்றி எல்லாரும் இருந்தார்கள். நான் படித்தேன். பிறகு மறுபடியும் குனிந்து அள்ளினேன்.

பொய் சொன்னதற்குக்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. வியாபாரத்தில் நானும் நேற்றைய இறாலை இன்றைய இறால் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் ஒரு தடவையாவது நீ வந்தாயா? என் வீட்டுக்காரர் வேம்பு மூச்சுத் திணறி ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மதி வந்தான், வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில். நீ ஆள் விட்டு ஒரு பை ஆப்பிள் கொடுத்தனுப்பினாய். அதை அப்படியே பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டேன்.

படகு கறுத்துவிட்டது. வலை எல்லாம் எரிக்க வேண்டியதாகிவிட்டது. அவர் கை முழுக்கச் சொறி. ஆற்றில் வலை போட்டால் பிசுக்குத்தான் வருகிறது. பெண் நர்மதா எட்டாவது போகிறாள், பள்ளிக்கூடத்தில் யாரோ “உங்க வூடு பெட்ரோல் பங்க்கா” என்று கேட்டிருக்கிறான்.

இந்த நிலையில் யார் வந்தாலும் வரட்டும் என்கிறார் அவர். “பாக்கட்டும்மே. பாத்துட்டுப் போயி எங்கனா சொல்லட்டும்” என்கிறார். எனக்கு மனதில்லை. ஆனால் வேறு வேலையும் இல்லை.

அழைத்து வா. இல்லை, நீ வராதே. மதி அழைத்து வரட்டும். டீ மட்டும் போட்டுத் தருகிறேன். கேன் தண்ணீரில்தான் போடுகிறேன், பயப்பட வேண்டாம் என்று உன் மாணவர்களிடம் சொல். உனக்குத்தான் அறிவிப்புப் போட வருமே.

கெங்கம்மா


தண்டையார்பேட்டை
12 ஏப்ரல் 2024

அன்புள்ள கெங்காக்கா,

மதியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை படகில் ஆள் ஏறிய பிறகு உங்களிடம் தருவான்.

மாணவர்கள் போய்ச் சொன்னதில் இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. மார்ச் முழுக்க ஒரு சனிக்கிழமைகூடக் காலி இல்லை. கல்லூரிகள், பத்திரிகைக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து இரண்டு குழு. ‘எண்ணெய்க்குப் பின் எண்ணூர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். போன வருடம் பூநாரை பார்க்க வந்தவர்களைவிட இவர்கள் அதிகக் கேள்வி கேட்கிறார்கள் என்கிறான் மதி. மூடிவிடலாம் என்று இருந்த அலுவலகத்தின் பூட்டை மறுபடியும் திறந்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாளாக வைத்திருந்தேன். போன வாரம் வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். செடிகள் துளிர்த்துவிட்டன, தண்ணீர் தெளிவாக இருக்கிறது. ஒருவர் மதியிடம், “நாங்க ரொம்ப லேட்டா வந்துட்டோமா?” என்று கேட்டாராம். வேம்பு அண்ணன் படகுக்குப் பெயின்ட் அடிக்கப் போவதாகச் சொன்னாராமே. கொஞ்ச நாள் தள்ளிப்போட முடியுமா? அந்தக் கறுப்புக் கோடு அப்படியே இருந்தால் மதி விளக்கிச் சொல்ல வசதியாக இருக்கும்.

அவர் கை நீட்டி நிற்க, வந்தவர்கள் எடுத்த படத்தை மதி அனுப்பினான். மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு, பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அதை எங்கள் பக்கத்தின் முகப்பில் போட்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று புரியவில்லை. தண்ணீர் தெளிந்துவிட்டது என்றால் இவ்வளவு எண்ணெய் இன்னும் எங்கே இருக்கிறது?

ஜெமிமா


எண்ணூர்
22 ஏப்ரல் 2024

ஜெமிமாவுக்கு,

எங்கே இருக்கிறது என்று கேட்டாய். என் வீட்டுப் பின்பக்கம், பெயின்ட் டப்பாவில்.

டிசம்பரில் அள்ளியதில் ஒரு டப்பா நிறைய அவர் எடுத்து வைத்திருந்தார். யாராவது அதிகாரி வந்து இங்கே எண்ணெயே வரவில்லை என்று சொன்னால் மூடியைத் திறந்து மூக்குக்கு நேரே காட்ட. அதற்காகத்தான் வைத்தது. யாரும் வந்து கேட்கவில்லை. டப்பா அப்படியே கிடந்தது.

உன் ஆட்கள் வந்த ஒரு சனிக்கிழமை, கண்ணாடி போட்ட ஒரு அம்மா படகிலிருந்து இறங்கி, “எண்ணெய் எல்லாம் போயிடுச்சா?” என்று கேட்டாள். டீ ஆறிப்போயிடுச்சா என்று கேட்பது போல. கூட வந்தவர்கள் கேமராவை உறையில் போட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் வந்து டப்பாவை எடுத்துப் போய், இரண்டு கையையும் விட்டு எடுத்துக் காட்டினார். எல்லா கேமராவும் உறையிலிருந்து வெளியே வந்தது. ஒருத்தி அழுதாள். எல்லாரும் அவர் தோளைத் தட்டினார்கள். கையைத் தொடவில்லை.

அவர்கள் போன பிறகு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். “இன்னாத்துக்கு இந்தக் கூத்து?” என்று கத்தினேன். “வர்றவன் அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகிறான். ஒண்ணியும் இல்லன்னு அனுப்பறதா? இவுங்க மறந்துட்டா நம்மள யாரு கேக்கப்போறா?” என்றார். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்கிறார். மதி தலையைத் திருப்பிக்கொள்கிறான். அவனுக்காவது அது தப்பென்று தெரிகிறது.

இதை நிறுத்த நீதான் ஏதாவது செய்ய வேண்டும். ஆறு திரும்பிவிட்டது, ஜெமிமா. நண்டு வருகிறது. போன வாரம் கல் நண்டு இரண்டு கையளவு. இறாலும் மடவை மீனும் ஏறுகின்றன. இப்போது மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டில் விசைப்படகு எல்லாம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். எந்த வருடமும் இந்த இரண்டு மாதம்தான் ஆற்று மீனுக்குக் கிராக்கி. இந்த வருடம் கூடையைத் திறந்தால் மோந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நீ ஊரைக் கூட்டிச் சொன்னாயே எண்ணூர் நண்டு இல்லை என்று, அதே போல ஊரைக் கூட்டி எண்ணூர் நண்டுதான் என்று சொல். சாப்பாட்டை மறுபடியும் ஆரம்பி. உன் கடையும் நடக்கும், என் கூடையும் காலியாகும். அவரும் டப்பாவில் கை விடாமல் வலையில் கை வைப்பார்.

கெங்கம்மா


தண்டையார்பேட்டை
24 மே 2024

அன்புள்ள கெங்காக்கா,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. வேலை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எழுதத் தைரியம் வரவில்லை என்பதுதான் சரி.

டப்பா விஷயம் தெரிந்த அன்றே படத்தை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அடுத்த வாரம் கிண்டிப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள் கூட்டம். நெருக்கடியிலிருந்து மீண்டவர்கள் வரிசையில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளத்தில் மூழ்கிய லாட்ஜ்காரர் ஒருவர், கொரோனாவில் மூடித் திறந்த ஹோட்டல்காரர் ஒருவர், நான். அந்தப் படத்தைத் திரையில் போட்டுத்தான் பேசினேன். சால்வை போட்டார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். “யாரு கையிட்டி இது?” என்று படத்தைப் பார்த்துக் கேட்டார். வேம்பு அண்ணன் கை என்றேன். “அவருக்கும் ஒரு சால்வை வாங்கிக் குடுத்தியா?” என்றார். அப்பா இப்படித்தான்.

சாப்பாடு மட்டும் இப்போது முடியாது, அக்கா. ஆற்றுத் தண்ணீரையும் மீனையும் சோதனைக்கு எடுத்துப் போனார்கள், முடிவை இன்னும் வெளியிடவில்லை. அதற்குள் பரிமாறி, யாரோ ஒருவருக்கு வாந்தி வந்தாலும் நான் அதோடு முடிந்தேன். எண்ணூர் நண்டு என்று எழுதிக் கொடுத்தால் காப்பீடு செல்லாது என்று இன்ஷூரன்ஸ்காரர் சொல்லிவிட்டார். ஒரு ஆபத்தைத் தாண்டி இப்போதுதான் நிற்கிறேன். இன்னொன்றில் கால் வைக்கச் சொல்லாதீர்கள்.

வேம்பு அண்ணன் செய்வதை நான் கேட்கவில்லை. தடுக்கவும் இல்லை. அவர் வயதுக்கு அவருக்குத் தெரியாதா?

ஜெமிமா


எண்ணூர்
8 ஜூன் 2024

ஜெமிமா,

அவர் வயதுக்கு அவருக்குத் தெரியவில்லை. உன் படிப்புக்கு உனக்கும் தெரியவில்லை.

திருவொற்றியூர் மார்க்கெட்டில் போன வாரம் வியாழக்கிழமை கூடையோடு உட்கார்ந்திருந்தேன். நல்ல நண்டு, உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா பேரம் பேசி, எடை போட்டு, பையை விரித்துவிட்டாள். அப்போது அவள் மகள் போனை எடுத்து, “அம்மா, இந்த ஆத்து நண்டும்மா” என்று காட்டினாள். என் வீட்டுக்காரர் கை. நேற்று எடுத்தது போலப் போட்டிருக்கிறது. அந்த அம்மா பையை மடித்துக்கொண்டாள். “இம்மாம் எண்ணெயில புடிச்சு எங்க தலையில கட்றியா? கலீஜு” என்றாள். அந்தக் கை என் வீட்டுக்காரர் கை என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

என்னோடு முடிந்தால் பரவாயில்லை. வரிசையில் இருந்த எங்கள் குப்பத்துப் பெண்கள் ஒருத்தி கூடையும் காலியாகவில்லை. தடைக்காலத்தில், மீனே கிடைக்காத மாதத்தில். எல்லாவற்றையும் கொட்டினோம். ராஜாத்தி என் பக்கம் திரும்பி, “உம் புருசன் கைய காட்டி நீங்க ரெண்டு பேரும் தின்றீங்க. நாங்க இன்னா பண்றது?” என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். அவரை நடுவில் நிற்கவைத்தார்கள். இனிமேல் ஆற்றில் யாரும் அவரோடு சேர்ந்து வலை இழுக்கக் கூடாது என்று முடிவு. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இழுக்கச் சொன்னாலும் அவரால் இழுக்க முடியாது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தோல் வெடித்து விரல் மடங்கவில்லை. சோறு பிசைய முடியவில்லை, ஸ்பூனில் சாப்பிடுகிறார். ஆஸ்பத்திரியில் டாக்டர், “எண்ணெய் வந்து ஆறு மாசம் ஆச்சு, இன்னும் எப்படி இது புதுசா இருக்கு?” என்று கேட்டாராம்.

டப்பாவை நான் எடுத்துப் போய் டிசம்பரில் எண்ணெய் அள்ளிப் போட்ட டிரம்மில் கொட்டிவிட்டேன். இனிமேல் உன் ஆட்களுக்குக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை.

படத்தை எடு. ஊர் முன்னால் வந்து எங்கள் நண்டைச் சாப்பிடு. இரண்டையும் செய். வேறு எதையும் எனக்கு எழுதாதே.

கெங்கம்மா


தண்டையார்பேட்டை
14 ஜூன் 2024

அன்புள்ள கெங்காக்கா,

படத்தை எடுத்துவிட்டேன். ஆனால் உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. என் பக்கத்தில்தான் எடுத்தேன். அது எங்கெங்கேயோ போய்விட்டது. ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்திருக்கிறது. கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. நான் போட்டதை என்னால் திருப்பி வாங்க முடியவில்லை.

வருகிறேன். 29ஆம் தேதி, சனிக்கிழமை. சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள், படம் எடுத்துப் போடுகிறவர்கள், பழைய விருந்தினர்கள் சிலர், எல்லாரையும் அழைத்து வருகிறேன். குப்பத்தார் எல்லாரும் பார்க்கட்டும். இன்ஷூரன்ஸ்காரரிடம் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை. முதல் இலை எனக்குப் போடுங்கள்.

அண்ணனின் கைக்கு அண்ணாநகரில் ஒரு தோல் மருத்துவரிடம் நாள் வாங்கியிருக்கிறேன். மதி அழைத்துப் போவான். மறுக்காதீர்கள்.

ஜெமிமா


எண்ணூர்
2 ஜூலை 2024

ஜெமிமா,

நீ சாப்பிடவில்லை.

முதல் இலை கேட்டாய், போட்டேன். நண்டுக் குழம்பு, இறால் தொக்கு, மடவை வறுவல். ராஜாத்திகூட வெங்காயம் உரிக்க வந்தாள். ஊர்க்கூட்டத்தில் தீர்ப்புச் சொன்ன பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் ஆட்கள் எல்லாரும் கேமராவை உன் மேல் வைத்துக்கொண்டு, நீ வாயில் வைத்தால் நாமும் வைக்கலாம் என்று காத்திருந்தார்கள். நீ நண்டின் காலை உடைத்தாய். வாய் வரைக்கும் கொண்டு போனாய். பிறகு இலையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாய். “ஒரு நிமிஷம்க்கா” என்று எழுந்து வெளியே போய்விட்டாய்.

உன் பின்னால் ஒருத்தர் எழுந்தார். பிறகு வரிசையாக எல்லாரும். இலை இலையாக என் சமையல் அப்படியே கிடந்தது. மதி உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். என் வீட்டுக்காரர் உன் இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, நீ உடைத்து வைத்த காலை அந்த வெடித்த கையால் எடுத்துச் சாப்பிட்டார். குழம்புக் காரம் புண்ணில் பட்டுக் கண்ணில் தண்ணீர் வந்தது. யாரும் படம் எடுக்கவில்லை.

நீ எழுந்து போனதை மட்டும் எடுத்திருக்கிறார்கள். இப்போது அதுதான் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. வருடக்கணக்காக எங்கள் நண்டைச் சாப்பிட்டவளே வேண்டாம் என்று எழுந்துவிட்டாள் என்று.

ஏன் என்று கேட்கமாட்டேன். எந்தப் பதிலும் எனக்கு வேண்டாம்.

கெங்கம்மா


தண்டையார்பேட்டை
6 ஜூலை 2024

கெங்காக்கா,

வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். இது ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் நான் செய்யாத ஒரு குற்றத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். செய்தவையே போதும்.

சாப்பிட வேண்டும் என்றுதான் வந்தேன். காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டே வந்தேன், “எதுவானாலும் ஆகட்டும்ப்பா, இன்னைக்கு நான் சாப்பிடுவேன்” என்று. பந்தி உட்காருவதற்கு முன்னால் கை கழுவப் பின்பக்கம் போனேன். நர்மதா படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் சோறு, ரசம், ஒரு அவித்த முட்டை. வாசலில் இவ்வளவு நண்டு மணக்கிறது, இவளுக்கு நண்டென்றால் உயிராயிற்றே என்று கேட்டேன், “நீ ஏன் நண்டு சாப்பிடல?”

“எங்கம்மா ஆத்துல வர்றது எதுவும் குடுக்காதுக்கா. எண்ணெ வந்ததுலேர்ந்து எனக்கு முட்டதான். அம்மாவும் நைனாவும்தான் துன்றாங்க” என்றாள். அதில் ஒளிக்க ஏதாவது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

அதைக் கேட்டுவிட்டு வந்து உங்கள் இலையில் உட்கார்ந்தேன். நண்டை உடைத்தேன். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண் மடியில் மூன்று வயதுக் குழந்தை இருந்தது, பார்த்தீர்களா? நான் ஒரு வாய் வைத்திருந்தால் அந்தக் குழந்தைக்கும் ஊட்டியிருப்பார்கள். சாப்பிட என்னால் முடியவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லவும் முடியவில்லை. சொல்லியிருந்தால் உங்கள் நிலைமை என்ன?

டிசம்பரில் நான் போட்ட பொய்யை எத்தனை தடவை எனக்குச் சொல்லிக் காட்டினீர்கள். உங்கள் மகளுக்குக் கொடுக்காததை எனக்கு முதல் இலையில் வைத்தீர்களே, அதற்கு என்ன பெயர்?

ஜெமிமா


எண்ணூர்
20 ஜூலை 2024

ஜெமிமா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நர்மதாவை அடித்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஏன் அடிக்கிறேன் என்று அவளுக்கும் தெரியவில்லை, அடித்து முடித்த பிறகு எனக்கும் தெரியவில்லை. அவர் வந்து கையைப் பிடித்தார். பிடிக்கிற பலம் அவர் கையில் இல்லை. நானாகத்தான் நிறுத்தினேன்.

அதற்கு என்ன பெயர் என்று கேட்டாய். பொய்தான் பெயர். ஆற்று நண்டை நான் தின்றேன், அவர் தின்றார், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவள் தட்டில் வைக்கக் கை போகவில்லை. டிசம்பரில் அந்தத் தண்ணீரில் நின்றவள் நான். அந்த நாற்றம் தெரிந்தவள். நண்டில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் கொடுக்கவில்லை. தெரியாமலே விற்றேன்.

போன ஞாயிறு பெண்கள் எல்லாரும் வலைக் கொட்டகையில் கூடினோம். உன்னைத் திட்டுவதற்காகத்தான் கூடினோம். எல்லாரும் திட்டினார்கள். நான் எழுந்து, “எம் பொண்ணுக்கு நான் ஆத்து மீனு குடுக்கறதில்ல” என்றேன்.

என்னைக் கிழிப்பார்கள் என்று நின்றேன். ராஜாத்திதான் முதலில் வாயைத் திறந்தாள். “எம் பேத்திக்கு நானும் குடுக்கறதில்லடி. கடையில கோழி வாங்கித் தர்றேன்” என்றாள். அடுத்து அவள் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் மூலையில் இருந்த மருமகள்கள். கொட்டகையில் குழந்தை உள்ள ஒரு வீடு பாக்கி இல்லை. எல்லாரும் அவரவர் வீட்டில் ஒளித்துச் செய்துகொண்டிருந்திருக்கிறோம். ஒருத்தி கூடையை இன்னொருத்தி தூக்கிவிட்டுக்கொண்டே.

அதன்பிறகு யாராலும் கூடை தூக்க முடியவில்லை. நாற்பது பேர் சேர்ந்து மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனோம். எடுத்துப் போன மீனில் என்ன இருந்தது என்று எழுத்தில் கொடுங்கள், நல்லது என்றால் நல்லது என்று எழுதுங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே ஊட்டி உங்களுக்குக் காட்டுகிறோம் என்றோம். மேலே கேட்க வேண்டும் என்றார்கள். மனுவை வாங்கிக்கொண்டார்கள். பதில் வரும்வரை ஆற்று மீன் விற்பதில்லை என்று முடிவு. பாதிப் பேர் மணலியில் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். “நீ வாய மூடிகினு இருந்திருந்தா இந்தப் பேஜாரு வந்துருக்காது” என்று என்னை ஏசிக்கொண்டேதான் போகிறார்கள். அதுவும் சரிதான்.

அவருக்குக் கன்டெய்னர் யார்டு ஒன்றில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது. உன் டாக்டர் ஒரு வருடத்துக்குத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். டாக்டரைக் காட்டியதற்கு நன்றி என்று எழுதச் சொன்னார் அவர். எழுதிவிட்டேன்.

நேற்று வேறொரு கம்பெனி வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. உன் விளம்பரத்தைப் பார்த்துத் தொடங்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது. எண்ணெய் எங்கே, கையில் பூசிய அந்த ஆள் எங்கே என்று கேட்டார்கள். நாங்கள் பத்துப் பேர் குறுக்கே நின்று திருப்பி அனுப்பினோம். வேனில் இருந்தபடியே எங்களையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அது எங்கே வரப்போகிறதோ.

உன் சனிக்கிழமைக்கும் இனிமேல் இங்கே படகு இல்லை. பெயின்ட் அடித்து விற்றுவிட்டோம்.

நீ சாப்பிடாமல் எழுந்தாயே, அந்தக் கோபம் மட்டும் போய்விட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

கெங்கம்மா